கொச்சி மரைன் டிரைவ் போட்டிங்: ஊர்ல இருந்து வர்றவங்க கேக்கற கேள்விகளும் பதிலும்

நமக்கு சொந்த ஊரு கோயம்புத்தூர், வேலை எர்ணாகுளத்துல. லீவு விட்டா போதும், மூணாறு போயிட்டு அப்படியே கொச்சி வர்றோம், அந்த போட்ல ஏறலாமா, எவ்ளோ ஆகும், ஆட விடுவாங்களான்னு சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ், ஃப்ரெண்டோட மாமனார்னு வரிசையா ஃபோன் வரும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி மாளல. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

மொதல்ல இது கடல்ல போற போட்டா?

இல்லைங்க, காயல்ல போறது. மரைன் டிரைவ்ங்கற பேரக் கேட்டுட்டு மெரினா மாதிரி அலை அடிக்கும்னு நெனச்சி வந்தா ஏமாந்துருவீங்க, இங்க கரையில நின்னா கடலே தெரியாது. காயல்ல மண்ணக் கொட்டி எடுத்த நெலம் அது, எதிர்ல வேம்பநாட்டுக் காயல், காயலுக்கு நடுவுல தீவுங்க, தீவுங்களுக்கு அந்தப்பக்கம் தான் அரபிக்கடல். சாதா ஒரு மணி நேர போட் என்ன செய்யும்னா, நகரத்து ஓரமா கெளம்பி, தீவுங்களுக்கு நடுவால போயி, காயல் கடல்ல சேர்ற அந்த அழிமுகம் கிட்ட ஒரு திருப்பு திருப்பி, வந்த வழியே திரும்பிரும். அவ்ளோ தான் ட்ரிப். ஆனா கப்பல் போற வாய்க்கால்ல நம்ம போட்டும் போறதால, திடீர்னு பக்கத்துல ஒரு சரக்குக் கப்பல் மலை மாதிரி நகந்து வரும் பாருங்க, அதுக்கே குடுத்த காசு சரியாப் போச்சு.

எத்தன வகை போட் இருக்கு? எதுல ஏறறது?

மரைன் டிரைவ் நடைபாதையில கால் வெச்ச உடனே "சாரே, போட்டிங், ஒன் அவர், டான்ஸ் உண்டு, இப்போ எடுக்கும்"னு ஒருத்தர் கூடவே வருவார், நம்ம மூஞ்சியப் பாத்ததும் தமிழுக்கு மாறிருவார். அவங்க தனியார் ரெண்டு தட்டு போட்டு. கீழ சேர் போட்ட ஹால், மேல திறந்த தட்டு, ஸ்பீக்கர், கலர் லைட்டு. "இப்போ எடுக்கும்"ங்கறதுக்கு அர்த்தம் ஆள் நெறஞ்ச பிறகு எடுக்கும்ங்கறது தான். ஏற்கனவே பாதிக்கு மேல ஆள் உக்காந்திருக்கற போட்டாப் பாத்து ஏறுங்க, காலி போட்ல மொத ஆளா ஏறுனா போட் நிக்கற படகுத்துறை, அதான் ஜெட்டி, அங்கயே அரை மணி நேரம் பாட்டு கேட்டுட்டு உக்காந்திருக்கணும்.

அடுத்தது அரசாங்கத்து போட். கேரளா ஷிப்பிங் அண்ட் இன்லாண்ட் நேவிகேஷன் கார்ப்பரேஷனோட சாகரராணி. இது அழிமுகத்தோட நிக்காது, கடல் ஒத்துழைச்சா கொஞ்ச தூரம் கடலுக்குள்ளயே போயிட்டு வரும். அதே கார்ப்பரேஷனோட நெஃபெர்டிட்டின்னு ஒரு கப்பல், 2018-ல விட்டது, 200 பேர் போலாம், உள்ள பூரா எகிப்து அரண்மனை மாதிரி ஜோடிச்சிருப்பாங்க, சாப்பாட்டோட பேக்கேஜ். கொச்சியில அந்தக் கப்பல் எதுக்கு எகிப்து மகாராணி வேஷம் போட்டிருக்குன்னு எனக்கு இன்னும் புரியல, ஆனா கல்யாண நாளு, கம்பெனி அவுட்டிங்குக்கெல்லாம் அது தான் கெத்து.

நீர்ப்போக்குவரத்து டிப்பார்ட்மென்ட் தனியா இந்திரான்னு ஒரு சோலார் போட் விடறாங்க, ரெண்டு தட்டு, இஞ்சின் சத்தம் இல்ல, டீசல் நாத்தம் இல்ல. வயசானவங்கள கூட்டிட்டு வந்தா நான் அதத்தான் சொல்வேன்.

காசு எவ்ளோ ஆகும்?

தனியார் போட்ல தலைக்கு சில நூறு ரூபா, சீசனுக்கும் கூட்டத்துக்கும் தகுந்தாப்ல ஏறும் எறங்கும். பத்துப் பேரா போனா பேசிக் கொறைக்கலாம், கூச்சப்படாம கேளுங்க. சாகரராணி, இந்திராவுல ரேட் ஃபிக்ஸ், பேரம் கிடையாது. நெஃபெர்டிட்டி ஆயிரக்கணக்குல போகும். எல்லாத்துலயும் காசு குடுக்கறதுக்கு முன்னாடி மூணே கேள்வி கேளுங்க: ஒரு மணி நேரம்னா ஜெட்டிய விட்டு நகந்த பிறகு ஒரு மணி நேரமா, அழிமுகம் வரைக்கும் போவீங்களா இல்ல பக்கத்துல இருக்கற போல்காட்டித் தீவச் சுத்திட்டுத் திரும்பிருவீங்களா, மேல் தட்டுக்குத் தனி காசா. இந்த மூணுல தான் அப்புறம் சண்டை வரும்.

எத்தன மணிக்கு ஏறுனா நல்லா இருக்கும்?

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல. அழிமுகம் மேக்கப் பாத்தது, அதனால சூரியன் நேரா கடல்ல எறங்கறத போட்ல இருந்தே பாக்கலாம். டிசம்பர்ல ஆறேகாலுக்கு முன்னாடியே சூரியன் எறங்கிரும், ஏப்ரல், மே மாசத்துல ஆறரை தாண்டும், அதுக்குத் தகுந்த மாதிரி கணக்குப் போட்டு, அழிமுகம் சேரும்போது சூரியன் எறங்கற மாதிரி ஏறணும். ஜெட்டியில இருந்து அங்க போக இருபது நிமிஷம் முப்பது நிமிஷம் ஆகும். மத்தியானம் பன்னெண்டு மணி ட்ரிப்ப மட்டும் எடுத்துராதீங்க, மேல் தட்டுல இரும்புத் தரை கொதிக்கும், எல்லாரும் கீழ ஹால்ல அடைஞ்சிக்கிட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாக்கணும். இருட்டின பிறகு போனா மரைன் டிரைவ் பில்டிங் லைட்டெல்லாம் அழகாத் தான் இருக்கும், ஆனா மத்தது எதுவும் தெரியாது.

என்னென்ன தெரியும்? எந்தப் பக்கம் உக்காரணும்?

போறப்ப வலது பக்கம் உக்காருங்க, வர்றப்பவும் அதே பக்கம் இருந்தா, போட் திரும்பிட்டதால மத்த கரை தெரியும். எழுந்து நடக்கறதா இருந்தா மட்டும் மெதுவா, ஏன்னு கீழ சொல்றேன்.

கெளம்பின உடனே வலது பக்கம் மரங்களுக்கு நடுவுல ஓட்டுக்கூரையோட ஒரு பழைய மாளிகை, அது போல்காட்டி அரண்மனை. 1744-ல டச்சுக்காரங்க கட்டுனது, பிறகு வெள்ளைக்கார அரசோட பிரதிநிதி (ரெசிடென்ட்) இருந்தான், இப்ப கேரள சுற்றுலாக் கழகத்தோட ஹோட்டல். அத விட்டு நகந்தா பெரிய பெரிய கிரேன், அது வல்லார்பாடம் கன்டெய்னர் டெர்மினல், 2011-ல திறந்தது. அந்தத் தீவுல ஒரு மாதா கோயில் இருக்கு, அதப் பத்தி ஒரு கதை சொல்வாங்க. 1752-ல மீனாட்சியம்மான்னு ஒரு நாயர் வீட்டு அம்மா, கைக்கொழந்தையோட வள்ளத்துல வர்றப்ப புயல்ல வள்ளம் கவுந்து, மூணாவது நாள் ரெண்டு பேரும் உசுரோட வலையில கெடச்சாங்கன்னு. இன்னிக்கும் ஜாதி மதம் பாக்காம ஜனங்க அங்க போறாங்க.

இந்தத் தீவுக்காரங்க பாடு 2004 வரைக்கும் பெரும்பாடுங்க. அந்த வருஷம் தான் இந்தத் தீவுங்கள எர்ணாகுளத்தோட சேக்கற கோஸ்ரீ பாலம் திறந்தாங்க. அதுக்கு முன்னாடி வைப்பின் தீவுல ஒருத்தருக்கு ராத்திரி நெஞ்சு வலின்னா கூட போட் வந்தா தான் எர்ணாகுளம். நமக்கு ஜாலியா இருக்கற இந்த தண்ணி அவங்களுக்கு ரோடு.

இடது பக்கம் திரும்புனா வில்லிங்டன் தீவோட மொன, ஓரத்துலயே பழைய பெரிய ஹோட்டல். அந்தத் தீவு சாமி குடுத்த தீவு இல்ல, மனுசன் போட்டது. 1920-ல ராபர்ட் பிரிஸ்டோன்னு ஒரு இஞ்சினியர் வந்தார், கடல் வாயில கல்லு மாதிரி எறுகிக் கெடந்த மண் திட்ட வெட்டி கப்பல் உள்ள வர வழி பண்ணார், 1928-ல மொத கப்பல் உள்ள வந்துச்சு, தோண்டுன மண்ணையெல்லாம் ஒரே எடத்துல கொட்டிக் கொட்டி தீவாக்கிட்டாங்க. ரயில்வே ஸ்டேஷன், துறைமுகம், கடற்படை எல்லாம் அந்த மண்ணு மேல தான் உக்காந்திருக்கு.

இதுக்கும் முந்தின கதை இன்னும் சுவாரசியம். சங்கப் பாட்டுல யவனர் கப்பல் மெளகு ஏத்திட்டுப் போனதா வர்ற முசிறி, இங்க இருந்து வடக்கால கொடுங்ஙல்லூர் பக்கம்னு சொல்றாங்க. 1341-ல பெரியாத்துல வந்த பெரு வெள்ளத்துல அந்தத் துறைமுகம் தூந்து போயி, கொச்சியில இந்த வாய் திறந்துச்சும்பாங்க. நம்ம போட் திரும்பற எடம் அந்த வெள்ளம் தொறந்த வாசல்.

அழிமுகத்துல இடது பக்கம் ஃபோர்ட் கொச்சி, வலது பக்கம் வைப்பின், ரெண்டு கரையிலயும் சீனவலை. கரையில நின்னு பாக்கறத விட தண்ணியில இருந்து பாத்தா தான் அதோட மெக்கானிசம் புரியும். தேக்கு மரச்சட்டமும் நீள நீளக் கழிகளும் சேந்து வலையத் தாங்கி நிக்கும், பின்னாடி கயித்துல பாறாங்கல்லு வரிசையா கட்டித் தொங்கும். ஒருத்தர் சட்டத்து மேல நடந்து முன்னாடி போனா வலை தண்ணிக்குள்ள எறங்கும், அஞ்சாறு பேர் கயித்தப் புடிச்சி இழுத்தா கல்லு ஒவ்வொண்ணா தரையில உக்கார, வலை மேல எழும்பும். இழுத்த பிறகு உள்ள பாத்தா சில நேரம் கைப்பிடி பொடிமீன் தான் கெடக்கும், அதையும் காக்கா கொத்தறதுக்குள்ள எடுக்கணும்.

டால்பின் தெரியும்னு சொல்றாங்களே, நெசமா?

நெசம் தான். அழிமுகம் பக்கம் சாம்பல் கலர் கூன்முதுகு டால்பின் வரும். ஆனா டிவியில வர்ற மாதிரி துள்ளிக் குதிக்கும்னு கொழந்தைங்ககிட்ட சொல்லி வெச்சிராதீங்க, முதுகு மட்டும் வெளிய வந்து உள்ள போயிரும், கேமராவ ஆன் பண்றதுக்குள்ள முடிஞ்சிரும். "டால்பின் கேரண்டி"ன்னு டிக்கெட் விக்கறவர் சொன்னா சிரிச்சிட்டு வாங்க.

டிஜே சத்தம் எப்படி இருக்கும்? ஆடியே ஆகணுமா?

தனியார் போட்ல சத்தம் பயங்கரமா இருக்கும். ஜெட்டிய விட்டு நகந்ததும் மைக்க புடிச்சி ஒரு பையன் "தமிழ்நாடு யாரு, கை தூக்குங்க"ம்பான், பாதி போட் கை தூக்கும், உடனே நம்ம குத்துப்பாட்டு தான். சபரிமலை சீசன், பொங்கல் லீவு, மே மாசம்னா சொல்லவே வேணாம், வடபழனியில ஏறுன மாதிரி இருக்கும். மொதல்ல சின்னப்பசங்க ஆடுவாங்க, பிறகு காலேஜ் கும்பல், கடைசி பத்து நிமிஷத்துல பாத்தா ஓரமா பர்ஸப் புடிச்சிட்டு உக்காந்திருந்த சித்தி நடுவுல ஆடிட்டிருப்பாங்க. முன்ன பின்ன தெரியாத நாலு குடும்பம் ஒண்ணா ஆடறது நல்லாத் தான் இருக்கு, அத நான் கொறை சொல்ல மாட்டேன்.

என் வருத்தம் என்னன்னா, கரெக்டா சீனவலை வர்ற நேரத்துல தான் பாட்டு உச்சத்துல இருக்கும், ஒருத்தரும் வெளிய பாக்க மாட்டாங்க, எறங்கின பிறகு "என்ன, சும்மா ஒரு ரவுண்டு"ன்னு சலிச்சிக்குவாங்க. மேல் தட்டுல முன்னாடி கம்பிகிட்ட எடம் புடிச்சா சத்தமும் கொஞ்சம் கம்மி, பாக்கறதுக்கும் தோது. ஆடணும்னா வர்ற வழியில ஆடுங்க, அப்ப பாக்க ஏதும் புதுசா வராது.

சரக்கு கொண்டு போலாமா?

கூடாது. சாதா டூரிஸ்ட் போட்ல குடிக்க விட மாட்டாங்க, ஏற்கனவே போட்டுட்டு தள்ளாடி வந்தா ஏத்தவும் மாட்டாங்க. கேரளாவுல பொது எடத்துல குடிச்சா போலீஸ் கேஸ். கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல கலந்து கொண்டு வர்ற ஐடியாவெல்லாம் போட்காரங்க பாக்காதது இல்ல. தண்ணி மேல போதையில ஒருத்தன் கம்பி மேல ஏறுனான்னா மத்த எம்பது பேருக்கும் ஆபத்து, இதுல நான் போட்காரங்க பக்கம்.

சேஃப்டி எப்படி? கொழந்தைங்க இருக்காங்க.

இத நல்லா கேட்டுக்கோங்க. 2009 செப்டம்பர் 30 தேக்கடியில ரெண்டு தட்டு போட் கவுந்து 45 பேர் போனாங்க, அதுல நம்ம ஊர்க்காரங்களும் இருந்தாங்க. கரையில மிருகத்தப் பாத்துட்டு எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுனதும் ஒரு காரணம்னு சொன்னாங்க. 2023 மே 7 மலப்புறம் பக்கம் தானூர்ல 22 பேர், அளவுக்கு மேல ஆள ஏத்திக்கிட்டு இருட்டற நேரத்துல எடுத்த போட். ரெண்டுலயும் போன உசுருல கொழந்தைங்க இருந்தாங்க.

அதனால ஏறும்போதே பாருங்க, எத்தன பேர் ஏத்தலாம்னு போட்லயே எழுதியிருக்கணும். மேல் தட்டுக்கு எத்தன பேர்னு தனியா இருக்கும், அதுக்கு மேல ஆள் ஏறுனா போட் ஓட்டற ஸ்ராங்க்கிட்ட சொல்லுங்க, கேக்கலன்னா எறங்கிருங்க, காசு போனா போகட்டும். லைஃப் ஜாக்கெட் கட்டுப்போட்டு மூலையில அடுக்கி வெச்சிருந்தா வேலைக்கு ஆகாது, கேட்டு வாங்கிப் போடுங்க, கொழந்தைக்கு கொழந்தை சைஸ் கேளுங்க. பெரியவங்க ஜாக்கெட்ட மூணு வயசுப் புள்ளைக்குப் போட்டா தண்ணியில விழுந்ததும் ஜாக்கெட் தனியா மெதக்கும், புள்ள கீழ வழுக்கிரும். "வேர்க்குது, ஃபோட்டோ நல்லா வராது"ன்னு கழட்டற அப்பாமாரத் தான் நான் அதிகம் பாக்கறேன். டால்பின்னோ கப்பலோ எது வந்தாலும் எல்லாரும் சேந்து ஒரே ஓரத்துக்கு ஓடாதீங்க.

வாந்தி வருமா?

காயல்ல ஆட்டம் கம்மி, பஸ்ல வாந்தி எடுக்கறவங்களே சமாளிச்சிருவாங்க. அழிமுகத்துல மட்டும் அலை தட்டும். சாகரராணி, நெஃபெர்டிட்டில கடலுக்குள்ள போறதா இருந்தா, ஒத்துக்காதவங்க அரை மணி முன்னாடியே மாத்திரை போட்டுக்கோங்க. மூக்கு முட்ட பிரியாணி சாப்ட்டு நேரா வந்து ஏறாதீங்க.

பர்த்டே பார்ட்டி, டீம் அவுட்டிங்குக்கு முழு போட்டும் எடுக்கலாமா?

தாராளமா. மணிக்கணக்குல வாடகை பேசுவாங்க. சனி ஞாயிறு ரேட் ஜாஸ்தி, வார நாள் சாயங்காலம்னா நல்லாவே கொறைப்பாங்க. எங்க ஆபீஸ்ல ஒரு தடவ எடுத்தப்ப வாடகையில சாப்பாடு சேத்தின்னு நெனச்சி போயிட்டோம், அவங்க "சாப்பாட்டுக்கு எடம் தர்றோம்"னு தான் சொல்லியிருந்தாங்களாம், அன்னிக்கு முப்பது பேருக்கு பிஸ்கட் தான். அதனால சாப்பாடு, தண்ணி, ஸ்பீக்கர், அலங்காரம், ஜெட்டி கட்டணம்னு ஒண்ணொண்ணா வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கோங்க. பர்த்டே கேக்க கீழ் ஹால்ல வெட்டுங்க, மேல காத்துல மெழுகுவத்தி ஒரு செகண்ட் நிக்காது, க்ரீமெல்லாம் பக்கத்துல நிக்கறவங்க சட்டையில. ராத்திரி பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் வெக்கக் கூடாதுங்கறது சட்டம், அதுக்குள்ள ஆட்டத்த முடிச்சிக்கோங்க. ட்ரோன் எடுத்துட்டு வராதீங்க, பக்கத்துலயே கடற்படைத் தளம், பறக்க விட்டா மாட்டிக்குவீங்க.

மழைக்காலத்துல வரலாமா?

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கடலுக்குள்ள போற ட்ரிப்ப திடீர்னு நிறுத்துவாங்க, காயல் ட்ரிப்பும் மழையப் பொறுத்து தான். ஆனா மழை விட்ட ஒரு மணி நேரம் இருக்கு பாருங்க, கொச்சி அப்ப தான் அழகு, கூட்டமும் இருக்காது. மழை ஓஞ்ச மாசங்கள்ல தண்ணி பூரா ஆகாயத்தாமரை பாய் விரிச்சாப்ல வந்துரும், ப்ரொப்பெல்லர்ல சுத்திக்கிட்டா போட்ட நிறுத்தி பின்னாடி எடுத்து உதறிட்டு தான் நகருவாங்க. பயப்படாதீங்க, அது வழக்கம். உப்புத் தண்ணி ஏறுச்சுன்னா அதுவே செத்துரும்.

ஃபோர்ட் கொச்சியில எறக்கி விடுவாங்களா? அங்கயும் சுத்திப் பாக்கணும்.

ஒரு மணி நேர போட்ல எறக்க மாட்டாங்க. அதுக்கு வாட்டர் மெட்ரோ இருக்கு, 2023 ஏப்ரல் 25 தொடங்குனது, ஹைகோர்ட் டெர்மினல் மரைன் டிரைவ்ல இருந்து நடக்கற தூரம். ஏசி, பேட்டரி போட், தொடங்கினப்ப ஹைகோர்ட்ல இருந்து வைப்பினுக்கு இருபது ரூபா, 2024-ல ஃபோர்ட் கொச்சிக்கு விட்டப்ப நாப்பது. நான் மேல சொன்ன போல்காட்டி, வல்லார்பாடம் கிரேன், வில்லிங்டன் மொன, சீனவலை எல்லாம் இதுலயும் தெரியும், ஆட்டம் பாட்டம் மட்டும் தான் இல்ல. லீவு நாள்ல கியூ நீளும், காலையில சீக்கிரம் போங்க. இதை விடக் கம்மியா வேணும்னா சுபாஷ் பார்க் பக்கம் எர்ணாகுளம் ஜெட்டியில சாதா சர்வீஸ் போட், ஒரு டீ காசுல ஆபீஸ் போறவங்களோட உக்காந்து போயிரலாம். வைப்பினுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் நடுவுல கார ஏத்திட்டுப் போற ரோ-ரோ ஜங்காரும் ஓடுது, தோப்பும்படி சுத்தி ரோட்ல போற டிராஃபிக்குக்கு இது எவ்வளவோ தேவலை.

பாக்கறது தான் முக்கியம்னா வாட்டர் மெட்ரோ, கும்பலா சிரிச்சி ஆடறது முக்கியம்னா தனியார் போட், ரெண்டும் வேணும்னா காலையில அது, சாயங்காலம் இது. ரெண்டையும் ஒரே போட்ல எதிர்பாக்கறவங்க தான் ரிவ்யூல ஒரு ஸ்டார் போடறாங்க.

டிசம்பர் 31 வரலாமா?

ஃபோர்ட் கொச்சியில அன்னிக்கு பாப்பாஞ்ஞின்னு ஒரு பெரிய பொம்மைய நடுராத்திரி எரிப்பாங்க, அதப் பாக்க ஜனம் குமியும். போகறதுக்கு போட் கெடைக்கும், திரும்பறதுக்குத் தான் விடியற வரைக்கும் நிக்கணும். கொழந்தையோட வர்றவங்க அன்னிக்கு மட்டும் அந்தப் பக்கம் போகாம மரைன் டிரைவோட நின்னுக்கோங்க.

ட்ரெயின்ல வந்தா எங்க எறங்கணும்? போட்ல இருந்து எறங்கி என்ன சாப்பிடறது?

எர்ணாகுளம் ஜங்ஷன், டவுன் ரெண்டுல எதுல எறங்குனாலும் ஆட்டோவுல பக்கம் தான். மெட்ரோவுல வந்தா எம்ஜி ரோட்ல எறங்கி நடக்கலாம். போட்டு முடிஞ்சதும் நடைபாதையில தள்ளுவண்டிக்காரங்க கண்ணாடி ஜாடியில நெல்லி, மாங்கா, அன்னாசின்னு உப்புத் தண்ணியில ஊறப்போட்டு வெச்சிருப்பாங்க, ஆடி வேர்த்த வாய்க்கு அந்த உப்பும் காரமும் ரொம்ப நல்லா இருக்கும். பக்கத்துலயே குலுக்கி சர்பத். பச்சமொளகா போட்டு குலுக்குவான், காரம் ஆகாதுன்னா முன்கூட்டியே சொல்லிருங்க.